முள் நிற்கும் இடம்

நூற்றாண்டு மலருக்காக
அவருடைய வாழ்க்கையைச் செப்பனிடும் வேலை
எனக்கு.
அகமதாபாத் தலைமையகத்தில் குளிரூட்டிய அறை,
சிவப்புப் பேனா, இஞ்சி தட்டிப்போட்ட டீ.

முதல் பக்கத்திலேயே கமிட்டி சுழித்திருந்தது:
‘குமாஸ்தா வேண்டாம். அதிகாரி என்க.’

வஸ்ராம் கல்யாண்ஜி குமாஸ்தாதான்.
ரண் பாலையின் விளிம்பில்
சேட் ஓதவ்ஜியின் கிடங்கில்
உப்பு வண்டிகளை எடை போட்டவர்.
உப்பில் பட்டு வரும் வெயிலைப் பார்த்துப் பார்த்து
நாற்பதிலேயே புரை விழுந்த கண்.

குகை இல்லை, குரு இல்லை.
வண்டி மேடையேறினால் முள் துடிக்கும்.
அதட்டினாலும் நிற்காது, கெஞ்சினாலும் நிற்காது.
எதையும் தொடாமல்
மூச்சைக்கூட மெல்ல விட்டு
சும்மா இருந்தால்
ஒரு கணம் தானாக நிற்கும்.
அப்போது பார், என்றார்.
அதுதான் உபதேசம், மொத்தமும்.

இன்று அதற்கு ஏழு படிகள்.
ஒவ்வொன்றுக்கும் சம்ஸ்கிருதத்தில் ஒரு பெயர்.
நான்காவதிலிருந்து கட்டணம்.

மண்டபத்துப் படத்தில் பத்மாசனத்தில் இருக்கிறார்.
உண்மையில் அவர் வலது கால் மடங்காது.
முக்காலியில் அமர்ந்து
காலை நீட்டிக்கொண்டுதான் கண்மூடுவார்.
ஆரம்பச் சீடர்கள் அதையே தியான முறையென்று நம்பி
வரிசையாக வலது கால் நீட்டி உட்கார்ந்தார்களாம்.
ஜம்குபென் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து
சிரித்துச் சிரித்துப் புரையேறினாளாம்.
இதையும் நீக்கச் சொன்னார்கள்.
நீக்கினேன்.

ஆனால் கால் ஏன் மடங்கவில்லை?

மேசைக்கடியில் ஒரு நெம்புகோல்.
பதினொரு வருடம்
அதை முழங்காலால் தாங்கிப் பிடித்தார்.
வண்டிக்கு இரண்டு மணங்கு
சேட்டின் பக்கம் சாய்ந்தது.
முள் அசையாமல் நின்று
பொய் சொன்னது.

பிறகு கேஸாபாய் இறந்தான்.
எட்டு மாதம் உப்புப் பாத்தியில் நின்று
எட்டு மாதம் கடன்காரன் வாசலில் நின்று
கல்லாய் இறுகிய பாதங்கள்.
சிதையில் உடம்பெல்லாம் சாம்பல்.
பாதங்கள் மட்டும் வேகவில்லை.
மகன் அவற்றைக் கோணியில் சுற்றி
உப்புப் போட்டுப் புதைத்தான்.
ஒரு பிடி உப்பு.
அதை மட்டும் யாரும் எடை போடவில்லை.

அன்றிரவு வஸ்ராம் வீட்டுக்குப் போகவில்லை.
காலி மேடையில் ஏறி நின்றார்.
விடியும்வரை முள் துடித்துக்கொண்டே இருந்ததாம்.
மலரில் இந்த இடத்தில்
‘பேரொளி தரிசனம்’ என்று வரவேண்டும்.

ஒளியைப் பற்றி அவர் எங்கும் எழுதவில்லை.
எழுதியது ஒரு நோட்டில்:
பெயர், ஊர், எத்தனை மணங்கு திருடினேன்.
சைக்கிளில் பாலைக்குள் போய்
குடிசை குடிசையாய்த் திருப்பிக் கொடுத்தார்.
ஜம்குபென்னின் வளையல்கள் பதினேழாம் பக்கத்தில் தீர்ந்தன.
வாங்க மறுத்தவர்கள் முன்னால் பேசாமல் அமர்ந்திருந்தார்.
அவர்களும் அமர்ந்தார்கள்.
கோபம் துடித்து, துடித்து,
எப்போதோ நின்றது.
அப்படித் தொடங்கியதுதான் இந்த இயக்கம்.
முதல் சீடர்கள் எல்லோரும்
கடன் கொடுத்தவர்கள், தெரியாமல்.

நோட்டு இப்போது என் மேசையில்.
அட்டையில் வெள்ளைப் பூத்திருக்கிறது,
நக்கிப் பார்த்தேன், கரித்தது.
கமிட்டித் தலைவர் நல்ல மனிதர்.
‘பக்தர்கள் தாங்க மாட்டார்கள், தேவ்யானிபென்’
என்கிறார் கனிவாக.
நாளை அச்சுக்குப் போக வேண்டும்.
பேனாவைக் கையில் வைத்திருக்கிறேன்.
அது நிற்கவில்லை.

கடைசிப் பக்கத்தில், நடுங்கிய குஜராத்தியில்:
லக்தீர், பஜானா. நாலரை மணங்கு.
எதிரே
அடித்த கோடு இல்லை.

பஜானாவுக்குக் காலை ஆறேகாலுக்கு ஒரு பஸ் உண்டு.