சுல்மிராவின் கதவு

கோர்வோ தீவில் ஒரே ஊர். எல்லாம் கருங்கல் வீடுகள்.
அதில் ஒரே ஒரு கதவு சிவப்பு.

படகிலிருந்து பார்க்கையில்
அந்தச் சிவப்பின் உச்சந்தலையில்
மாதா கோயில் சிலுவை வந்து உட்கார வேண்டும்:
ஒரு கணியம்.
கிழக்கே குன்றின் பிளவுக்குள்
காற்றாலையின் ஒற்றைச் சிறகு தெரிய வேண்டும்:
மறு கணியம்.
இரண்டும் கூடுமிடத்தில் எஞ்சினை நிறுத்தினால்
நூற்றெண்பது பாகம் கீழே ஒரு பார்.
அதன்மேல் கொராஸ் மீன்கள்,
ரோஜா நிறம், உடம்புக்கு ஒவ்வாத பெரிய கண்.

பாருக்கும் கதவு என்றே பெயர்.
"கதவுக்கா போகிறாய்?" என்று கேட்டால்
இங்கே எவனும் ஆமாம் என்று சொன்னதில்லை.
இல்லை என்று சொன்னவனைத்தான்
விடிந்ததும் அங்கே பார்ப்போம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்.
எவரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்,
மாட்டினான், மறுபடி துடைத்தான்.
சிலுவை இருந்தது. சிறகு இருந்தது.
கதவு இல்லை.

உத்தேசமாகத் தூண்டிலை இறக்கினோம்.
ஈயத்தின் அடியில் தடவிய சோப்பில்
சேறு ஒட்டி வந்தது.
நீவாடு எங்களை இழுத்துப் போனது.
அடுத்த முறை மணல்.
மூன்றாம் முறை எதிலோ சிக்கி
எட்டு கொக்கியும் போயிற்று.
எவரிஸ்தோ கெட்ட வார்த்தை பேசவில்லை;
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கரையேறிப் போனோம்.
வாசலில் சுல்மிரா, கையில் பிரஷ்.
கதவு பாதி பச்சை.
"தம்பி கனடாவிலிருந்து பெயிண்ட் அனுப்பினான்," என்றாள்,
"இரண்டு டின்."
எவரிஸ்தோ தொப்பியை எடுத்தான்.
கதவு உங்களுடையதுதான், அதில் எங்களுக்குப் பேச்சில்லை,
ஆனாலும் அந்தச் சிவப்பு, என்று
இழுத்தான்.

அவள் பிரஷை டின்னின் விளிம்பில் வழித்தாள்.
"ஜசிந்தோ போய்ப் பதினாறு வருஷம்.
பதினாறு வருஷமும் தினம் விடிகாலை
என் கதவைப் பார்த்திருக்கிறீர்கள்.
ஒருத்தன் வந்து தட்டினானா?"

எவரிஸ்தோ தொப்பியைப் பார்த்தான்.
நான் எவரிஸ்தோவைப் பார்த்தேன்.
அவள் கீழ்ப்பலகையைப் பூசத் தொடங்கினாள்.

மறுநாள் துறைக்கு அவளே வந்தாள்,
கணவனின் மழைக்கோட்டில், கைமடிப்பை மூன்று சுற்று சுருட்டி.
இரண்டாம் பூச்சும் முடித்துவிட்டாளாம்.
"அங்கிருந்து அது எப்படித் தெரியும் என்று பார்க்கணும்."
பெண் ஏறினால் மீன் படாது என்பான் எவரிஸ்தோ.
அன்று அதைச் சொல்லவில்லை.

பச்சை, மேய்ச்சல் மேட்டின் பச்சைக்குள்
கரைந்து கிடந்தது.
நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருக்க,
அவள் நிமிராமல் சொன்னாள்:
"கதவுக்கு இடது கை அத்திமரம். கறுப்பாய் ஒரு பொட்டு.
இன்னும் கொஞ்சம் மேற்கே விடு. விடு. போதும்."
சொந்த வீட்டை முதல்முறை
கடலிலிருந்து பார்ப்பவள் அப்படிச் சொன்னாள்.

சைக்கிள் டியூபில் வெட்டிய விரலுறையை நீட்டினேன்.
வாங்கவில்லை.
வெறுங்கையில் கயிறு ஓடியது,
ஓடியது, பாதிக் கடலுக்கும் போதுமென்று ஓடியது,
பிறகு தொய்ந்தது.
கல்.

மூவரும் பேசவில்லை.
அவள் சுட்டுவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது ஒருமுறை அசைந்தது.
இன்னொரு முறை.
"தட்டுகிறது," என்றாள்.

நான்கு கொராஸ், ஒரு காசுக்குதவாத பேய்மீன்.
இரண்டை எடுத்துக்கொண்டாள், பெரியவை.
கதவை மறுபடி சிவப்பாக்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும் டின்னில் பச்சைதான் மிச்சம்.

அன்று மாலை கயிற்றைக் கழுவிச் சுற்றும்போது
ஓரிடத்தில் விரல் அளவு பச்சைக் கறை.
காயாத பெயிண்ட், அவள் கையிலிருந்து.
எவரிஸ்தோ மண்ணெண்ணெயில் துணியை நனைத்தான்,
தேய்க்கப் போனான்,
பிறகு கயிற்றைப் பாகம் போட்டு அளந்தான்.

நூற்றெண்பது.

துணியைப் பிழிந்து காயப்போட்டான்.
இப்போது கயிறு ஓடும்போது
அந்தப் பச்சை விளிம்பைத் தாண்டினால்
பிடியை இறுக்குகிறோம்.