நாற்பது மைக்ரான்

திங்களன்று அனுப்பிய செராமிக் கேப்
வியாழனன்று திரும்பி வந்தது.
உறைமேல் மருத்துவரின் சாய்ந்த கையெழுத்து:
உட்காரவில்லை.

நோயாளி டிராம் ஓட்டுநர். பெயர் ஹவெல்கோவா.
கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம்
நாக்கு அங்கேயே போய் நிற்கிறதாம்.

அவருடைய பிளாஸ்டர் தாடையை
மறுபடி ஸ்கேனருக்குள் வைத்தேன்.
நீலக் கோடுகள் அதன்மேல் ஊர்ந்தன,
ஒரு வெள்ளை மலைத்தொடரில் மழை இறங்குவதுபோல.
ஒருமுறை. மூன்றுமுறை. ஏழுமுறை.

ஏழும் ஒன்றின்மேல் ஒன்று
மயிரிழை பிசகாமல் பொருந்தின.
"என்ன துல்லியம் பார்!" என்றாள் ரதானா.
முதல் கோணல் முற்றும் கோணல்தான்.
ஆனால் ஏழும் ஒரே கோணலாக இருந்தால்
அதைக் கோணல் என்று யார் சொல்வது?

எங்களிடம் ஓர் எஃகுக் கட்டை உண்டு.
இருபது மில்லிமீட்டர். சான்றிதழோடு
வெல்வெட் பெட்டியில் தூங்கும்;
ஆய்வாளர் வரும் அன்று மட்டும் எழும்.
அதை எழுப்பி உள்ளே வைத்தேன்.
திரை சொன்னது:
இருபது புள்ளி பூஜ்யம் நான்கு.

நாற்பது மைக்ரான். பாதி முடி.
லிபெரெட்ஸ் மலைமேல் அன்று முழங்கால் பனி.
வெள்ளி மாலை இருபத்துமூன்று டிகிரியில்
அளவு கற்றுக்கொண்ட கருவி
திங்கள் காலை பதினான்கில் கண் விழித்திருக்கிறது.
குளிரில் அதன் எலும்பும் சுருங்கும்.
வாய்விட்டுச் சொல்லாது.

ஹீட்டரை அணைத்தது யார் என்று ரதானா கேட்டாள்.
எரிவாயுக் கட்டணம்,
இரண்டு நாள் விடுமுறை, யாரும் இல்லாத அறை
என்று நான்
காரணங்களை வரிசையாக அடுக்கியபோதே
அவளுக்குப் புரிந்துவிட்டது.

அறை சூடேறும்வரை காத்திருந்தோம்.
கருவிக்கு மறுபடி அளவு கற்பித்தோம்.
புதிய படத்தில்
இரு பற்களுக்கு நடுவே ஒளி எட்டாத ஒரு சந்து.
மென்பொருள் அதைத் தன் ஊகத்தால்
வழுவழுவென்று தைத்து மூடியிருந்தது.
தையலைப் பிரித்தேன்.
தெரியாத இடம் ஓட்டையாகவே கிடக்கட்டும்.
பிறகு தாடையைச் சாய்த்து வைத்து
அந்த ஓட்டைக்கு மட்டும் இன்னொரு முறை.

இரண்டாவது கேப் திரும்பி வரவில்லை.
திரும்பி வராததுதான் எங்களுக்குக் கிடைக்கும் பாராட்டு.

மார்ச் மாதம் யப்லோனெட்ஸ் போகும் டிராமில் ஏறினேன்.
ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்.
அவர்தானா, தெரியாது.
ஹவெல்கோவாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
தெரிந்ததெல்லாம் கீழ்த்தாடை,
அதுவும் கொஞ்சம் பிழையோடு.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது
அவர் ஒரு ரொட்டியைக் கடித்தார்.
எந்தப் பக்கம் மெல்கிறார் என்று
கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதற்குள்
என் நிறுத்தம் வந்துவிட்டது.