சங்க வரலாறு: முதல் வரைவு

எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு
நான்கு பக்கத்தில் வரலாறு வேண்டுமாம்,
புதன்கிழமைக்குள்.
என்னைப் பிரேரித்தவர் தேவசகாயம்.
ஆமோதித்தவர்கள், வேலையில்லாமல் தப்பிய எல்லாரும்.

பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் மண்ணெண்ணெய்க் கணக்கு.
இரவில் பப்ரிஸ்ற் சபைகளின் கூட்டறிக்கைப் புத்தகம்.
இரண்டிலும் ஒரே மொழிதான்:
கையிருப்பு, நிலுவை, வராதோர்.

முதல் புத்தகத்தைக் கறையான் தின்றிருக்கிறது,
ஒழுங்காக, இடப்பக்கங்களை மட்டும்.
தீர்மானங்கள் மிஞ்சியிருக்கின்றன.
யார் எதிர்த்தார்கள் என்பது இல்லை.

ஐந்து சபை, ஒரு போதகர், ஒரு சைக்கிள்.
வசாவிளான், அச்சுவேலி, கொக்குவில், வேலணை, கைதடி.
தலையில் மூன்று துளி தெளிக்கும் சபைகளுக்கு
எங்கள் தொல்லை விளங்காது.
ஆளை முழுதாய் அமிழ்த்த வேண்டும் எங்களுக்கு,
ஆறே இல்லாத ஊரில்.

யோர்தான் எங்கே என்றால் கிணற்றடியைக் காட்டலாம்.
கிணற்றுக்கோ பதினொரு பங்காளிகள்,
உறுதியில் எழுதிய இறைப்பு முறை.
எலியேசர் கதிர்காமு தன் முறையைத் தந்தார்,
புகையிலைக்கு விடவேண்டிய நாளில்.
முதல் முழுக்கில் ஏழு பேர் எழுந்தார்கள்.
நானூறு கன்று வாடிற்று.
இதுவும் பதிவாகியிருக்கிறது, செலவுப் பக்கத்தில்.

பிறகு தொட்டி கட்டினார்கள்.
ஐந்து சபையின் காசு, வசாவிளான் காணி,
நெஞ்சளவு ஆழம், ஆறு படி.

ஐம்பத்தேழு, ஆவணி மாதக் கூட்டம்.
கைதடியார் அந்தத் தொட்டியில் இறங்குவது பற்றி
'நீண்ட கலந்துரையாடல்.'
இரண்டே சொல்.
கதிரைகள் பின்னால் தள்ளப்பட்ட சத்தம் அதில் இல்லை.
தீர்மானம்: கைதடியாரின் முழுக்குக்குப் பின்
தொட்டி இறைத்துக் கழுவப்படும்,
சுகாதாரம் கருதி.
அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து.
பிரேரித்தவர் எலியேசர் கதிர்காமு.

அதே ஆள். தன் தண்ணீரைத் தந்த ஆள்.
இதை எந்தப் பக்கத்தில் வைப்பது?

கைதடியார் ஒன்றும் பேசவில்லை.
தங்கள் கடனீரேரிக்குப் போனார்கள்.
முழங்காலளவு நீர்.
போதகர் ஒவ்வொருவராய் இருத்தி,
பின்னால் சாய்த்தார்.
கிருபைநாயகியிடம் போன ஞாயிறு கேட்டேன்.
"முதுகெல்லாம் சேறு பிள்ளை," என்றா,
"அதுதான் ஞாபகம். வசனம் ஞாபகமில்லை."

சந்தா நிலுவை, கைதடி: பதினாறு ஆண்டு.
கேட்டு ஒரு கடிதமும் போகவில்லை.

தொண்ணூற்றைந்து, ஒக்டோபர் கடைசி.
எனக்கு ஒன்பது வயது.
பொருளாளர் நேசமலர் முழுக்குப் பதிவேட்டைத்
தலையணை உறைக்குள் போட்டுத் தைத்திருந்தா.
நாவற்குழிப் பாலத்தில் மழை.
ஒரு அடிக்கு ஒரு மணித்தியாலம்.
சனத்துக்குள் சனம் அமிழ்ந்து நகர்ந்தது.
பாலம் தாண்டினால் கைதடி.

கைதடிச் சபையின் கதவு திறந்திருந்தது.
வாங்குகளுக்குக் கீழே படுத்தோம், மேலேயும்.
அவர்களுடைய கிணற்றில் வாளி ஓயவில்லை.
வாய் வைத்துக் குடித்தோம்.
ஒருவரும் பிறகு அதை இறைத்துக் கழுவவில்லை.
அந்த மாதத்துக்குக் கூட்டறிக்கை கிடையாது.

வசாவிளான் காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தோம்.
தொட்டியில் மண் நிரப்பி
இராணுவம் கீரை போட்டிருந்தது.
நல்ல கீரை.
தேவசகாயம் ஒரு கட்டுப் பிடுங்கிக்கொண்டார்.

வரைவை நேற்று வாசித்தேன்.
'சுகாதாரம்' உள்ள பந்தியை எடுக்கச் சொன்னார்கள்.
'சிறு கருத்து வேறுபாடுகள் ஜெபத்தால் நீங்கின'
என்று போட்டால் இடமும் மிச்சமாம்.
மிச்சமாகும் இடத்தில்
அச்சகத்தின் விளம்பரம் வரும்.

நான் கணக்கெழுதுகிறவள்.
நிலுவையை ஜெபத்தில் கழிக்கத் தெரியாது.
'கைதடி: நிலுவை' என்று எழுதி,
யாருக்கு யார் தரவேண்டியது என்ற கட்டத்தைத்
திருத்தி எழுதினேன்.

நான்கு பக்கம் போதாது.
ஐந்தாவது பக்கத்தைப் பிரேரிக்கிறேன்.

ஆமோதிப்பவர்?