ஒன்பது புள்ளி

பஸ்ரா. அஷார் கால்வாயை ஒட்டி
ஜாசிபின் டயர் கடைக்குப் பலகை எழுதுகிறேன்.
"பஞ்சர்ச்சி", அது போதும் என்கிறான்,
எழுத்துக்கு இத்தனை தினார் என்று பேரம் முடித்து.

தலை, வெள்ளைக்காரன் லாரியிலிருந்து உருண்டு விழுந்தது.
வாலைத் துருக்கியன் காப்பிக்கடையில் விட்டுப்போனான்.
ஒட்டிய பசை மட்டும் எங்கள் எச்சில்.

உதட்டில் வெடிக்கும் முதல் ஓசைக்கு
அரபியில் எழுத்தே கிடையாது.
பாரசீகத்திடம் மூன்று புள்ளி கடன் வாங்கினேன்.
பின்னால் வரும் இரண்டு 'ச்'சுக்கும் மும்மூன்று.
"புள்ளிக்குக் காசு கிடையாதே?"
கீழிருந்து ஜாசிப்.

நொண்டி நொண்டி ஒரு கார் வந்து நின்றது.
இலக்கண வாத்தியார் அப்துல் வாஹித்
இறங்கி, அண்ணாந்து, இரண்டு முறை படித்தார்.
"இதில் அரபி எங்கே இருக்கிறது?"

கடைக்குள் பங்கா சுற்றிக்கொண்டிருந்தது,
பம்பாய்க் கப்பலில் வந்த பெயரோடு.
நான் வழிந்த சாயத்தைத் துடைத்தேன்.

பதில் வராததால் அவர்
பின்சக்கரத்தை உதைத்துக் காட்டினார்:
"ஹவா மாக்கு."
காற்று இல்லையாம்.

அந்த மாக்கு எந்தச் செத்த மொழியின் மிச்சமோ,
அவர் பாடப்புத்தகத்தில் அதுவும் மாக்கு.

ஜாசிப் ஜாக்கியை எடுத்தான்.
எனக்குக் கடைசி எழுத்துக்கு
இன்னும் இரண்டு புள்ளி பாக்கி.