முப்பத்தொன்று

கவுன்சில் லொறி வர ஓர் இரவு இருக்க,
டண்டினோங்கில், எங்கள் வீட்டு முன்புல்லில்,
யாரோ போட்ட மெத்தைக்கும் கழுத்தொடிந்த மின்விசிறிக்கும் நடுவே கிடந்தது
அறுபத்தொரு கட்டை கீபோர்ட்.
மழை தொடங்கியிருக்கவில்லை.
தூக்கிக்கொண்டு வந்தேன்.

பழசு. முதுகில் யுஎஸ்பி துளை இல்லை.
ஐந்தைந்து குழிகளோடு இரண்டு வட்டங்கள்,
ஒன்று உள்ளே வர, ஒன்று வெளியே போக.
அதற்கும் என் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு வயர் வேண்டும்.

ஒன்பது டொலர் தொண்ணூற்றைந்து சதம்,
தபாற்செலவு இல்லை.
நாற்பத்தொன்பதுக்கும் ஒன்று இருந்தது.
நாற்பது டொலர் வித்தியாசம் என்றால்
கிடங்கில் ஒன்றரை மணி நேரம் பெட்டி அடுக்குவது.
மலிவைத்தான் வாங்கினேன். வேறென்ன.

மூன்று வாரம் கழித்து உறையில் வந்தது,
தோடம்பழத் தோல் அளவு பாரம்.
'இன்' என்று எழுதிய முனை
'அவுட்' குழிக்குத்தான் போகவேண்டுமாம்.
இதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை செலவு.

ஒற்றை விரலுக்கு ஒழுங்காகப் பேசியது.
மூன்று விரல் சேர்த்து வைத்தால் இரண்டு போய்ச் சேர்ந்தது.
பிறகொரு நாள், விரலை எடுத்த பின்னும்
ஸ்வரம் நிற்கவில்லை.

வயருக்குள் இசை ஓடுவதில்லை.
தந்தி மாதிரி, செய்திதான்:
இந்தக் கட்டை, இவ்வளவு வேகம், அமுக்கியாயிற்று.
இந்தக் கட்டை, விட்டாயிற்று.
அந்த 'விட்டாயிற்று' வழியில் எங்கோ விழுந்துவிட்டது.
லேப்டாப் நம்பிக்கொண்டேயிருந்தது,
நான் இன்னும் அமுக்குகிறேன் என்று.
பக்கத்து அறைத் துளசிகா சுவரில் தட்டினாள்:
"அக்கா, ஆருக்கும் அம்புலன்ஸ் வந்திட்டோ?"

சந்தைக்குப் பின்னால் போன் திருத்தும் சல்மய்
வயரின் நடுப்பெட்டியை நகத்தால் திறந்தார்.
பச்சைத் தட்டில் எட்டுக் கால்களுக்கு எட்டுத் துளை.
கால்கள் இல்லை.
மின்சாரத்தை ஒளியாக்கி மறுகரை சேர்க்கும்
சில்லு ஒன்று உட்காரவேண்டிய இடமாம்.
குற்றம் அதனால்தானா என்றேன்.
"இருக்கலாம்," என்றார். சத்தியம் பண்ணவில்லை.

இழுப்பறையில் பாவித்த வயர் ஒன்று வைத்திருந்தார்,
வெள்ளை டேப்பில் 'பிராட்' என்று பேனையால் எழுதியது.
இருபத்தைந்து சொன்னார். இருபத்திரண்டுக்கு இறங்கினார்.
காசை வாங்க மறுத்தார்,
மறுநாள் கீபோர்டைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்து
"பத்து விரலும் வை" என்று
பத்தும் வந்ததைப் பார்க்கும்வரை.

இரவு, கதவைச் சாத்திவிட்டு வாசித்தேன்.
ஒன்றும் தவறவில்லை.
ஒவ்வொரு தொடுகைக்கும் திரையில் ஓர் எண்,
நூற்றிருபத்தேழுக்கு இத்தனை என்று.
எண்பத்துநான்கு. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு.
இடக்கை மோதிரவிரல்: முப்பத்தொன்று.

திரும்ப வைத்தேன். இருபத்தொன்பது.
திரும்ப. முப்பத்துமூன்று.
பிராட்டின் வயரைத் திட்டினேன்.
பிறகு கட்டையைச் சந்தேகித்தேன்,
கையை ஒரு கட்டை தள்ளி வைத்தேன்.
முப்பத்தொன்றும் கூடவே தள்ளி வந்தது.

மே மாதம் பலட் சரிந்தபோது
சுப்பவைசர் ஓடிவந்து கேட்டான்.
அடுத்த கிழமை ஷிப்ட் வேண்டும் எனக்கு.
ஒன்றுமில்லை என்றேன்,
படிவத்தில் 'காயம் இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்,
நானும் அதை நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.
முந்தைய வயரில் அந்த விரல் கேட்காதபோதெல்லாம்
ஒன்பது டொலருக்கு இவ்வளவுதான் என்று விட்டிருந்தேன்.

மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது.
எல்லா எண்ணையும் எண்பதாக்கிவிடும்.
கேட்பவருக்குத் தெரியாது.

அமுக்கவில்லை.
திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.
திங்கள் ஒன்பதரைக்கு டொக்டர்.
எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை:
பலட்டிலிருந்தா, வயரிலிருந்தா.