ராஸ் அல் கைமா, இரவு ஷிப்ட்

நள்ளிரவு. முப்பத்தெட்டு டிகிரி.
கிரஷர் வாய்க்குள் மலை போய்க்கொண்டிருக்கிறது.
பெல்ட்டை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறான் தஸ்நேவிஸ்,
தூத்துக்குடியில் சங்கு குளித்தவன்.
கையில் கல்.
கல்லுக்குள் சிப்பி, விசிறி மடிப்புக் கலையாமல்.
கடற்கரைக்கு இங்கிருந்து அரைமணி லாரி ஓட்டம்.
"இத யாருல இங்க கொண்டாந்து போட்டா?"

யாருமில்லை.
நகம் வளர்வதைவிட மெதுவாய்
நிலம் வடக்கே நகர்ந்து முட்ட,
கடலடி மடிந்து எழுந்து நின்றது.
பூமியின் பம்பரத் தலையாட்டத்தில்
மழை வந்தது, பள்ளம் வெட்டியது,
சொல்லாமல் போயிற்று.

ஃபோர்மேன் விசில் ஊதுகிறார்.
நாளை பார்ஜில் ஏறும் இந்த ஜல்லி,
துபாய்ப் பக்கம் கடலைத் தூர்க்க.

"ஏறி வர எத்தன காலமாச்சோ,"
கல்லைச் சட்டைப்பைக்குள் திணிக்கிறான்,
"மூணு நாள்ல எறக்கிருவோம்."
பச்சைப் பொத்தான்.
பெல்ட் ஓடுகிறது.