பேரைச் சொல்லி நிறுத்துவது

ஆரப்பாளையத்தில் அன்றைக்கு ஆறு என்று எதுவும் இல்லை.
ஆகாயத்தாமரையும் நாலு எருமையும் நின்றன.
அதை அப்படியே விட்டுவிட்டு
மலைவழியாகப் போய் அணையில் பிடித்துக்கொள்வதாகத் திட்டம்.
திட்டம் அவளுடையது.
ஏலச்சீட்டு எடுத்த காசில்
பச்சையாக ஒரு கூடாரம் வாங்கியவளும் அவள்தான்.
அவள் கேரியரில் அரிசி, அடுப்பு, கூடாரம்.
என் கேரியரில் பம்ப்பு, பஞ்சர் பசை,
முதுகுக்குத் தைலம்.

அவள் பேர் போதும்பொண்ணு.
ஐந்தாவதாகப் பிறந்தவள்.
பிறகும் ஒரு தங்கச்சி பிறந்தது வேறு விஷயம்.
வீட்டில் எல்லாருக்கும் அவள் போதும்.
இருபத்திரண்டு வருஷமாக எனக்கும் அதே பேர்தான்.

செக்கானூரணி தாண்டியதும்
முன்னால் போய்ச் சின்னதாகிக்கொண்டே இருந்தாள்.
"போதும்... ஏ போதும்..."
கத்திக்கொண்டே மிதித்தேன்.
தேங்காய் ஏற்றிப்போன டெம்போக்காரர்
பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்:
"முடியலேன்னா பின்னாடி ஏறிக்கிறீங்களாண்ணே?"

முதல் ராத்திரி
உசிலம்பட்டிக்கு இந்தப்பக்கம் ஒரு கண்மாய்க்கரை.
கண்மாய்க்குள் முழுக்கக் கருவேலம்.
இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சம்
கூடாரத்துணிமேல் ஊர்ந்தது.
லுங்கியோடு நான், ஸ்வெட்டரோடு அவள்.
"என்ன உறவு?"
புருஷன் பொண்டாட்டி.
"வீடு இல்லியா?"
இருக்கு சார், மாடக்குளத்துல. சொந்த வீடு.
அதற்குமேல் என்ன கேட்பதென்று ஏட்டுக்குத் தெரியவில்லை.
கூட வந்த இளைய போலீஸ்
ஆதார் அட்டையை இரண்டு தடவை வாசித்தார்.
சிரிக்கவில்லை.
"எங்கக்கா பேரு வேண்டாம்மா.
கல்யாணப் பத்திரிகைல மட்டும்
வேணின்னு போட்டோம்."
பாம்பு வரும், ஜிப்பை முழுசாப் போடுங்க
என்றுவிட்டுப் போனார்கள்.

ரொம்ப நேரம் கழித்து இருட்டில்
"வேணி" என்றாள்.
தூங்கிவிட்டாளென்று நினைத்தபோது
"நல்லாத்தான் இருக்கு."

காலையில் நாலு சக்கரமும் தரையோடு கிடந்தன.
பிடுங்கிய முள்ளையெல்லாம் டிபன் மூடியில் போட்டு எண்ணினாள்.
பதினாலு.
எட்டு என் டயரில்.

ஆண்டிபட்டிக் கணவாய்.
லாரிகளே முனகிக்கொண்டு ஏறுகிற இடத்தில்
நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்,
சண்டை போட்ட மாட்டை ஓட்டிப்போகிறவன் மாதிரி.
உச்சியில் கல்மேல் உட்கார்ந்து
தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய உபகாரம்.

இறக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
பிரேக்கைத் தொடாமல் விட்டாள்.
எதிரே பஸ் வருகிற வளைவு.
"போதும்!" என்று அலறினேன்,
இந்தத் தடவை இரண்டு அர்த்தத்திலும்.
எதிர்க்காற்று பின்பாதியைத் தின்றுவிட்டு
'போ' வை மட்டும் கொண்டுசேர்த்திருக்க வேண்டும்.
போனாள்.

அணைக்குக் கீழே தென்னந்தோப்பு.
காவல்காரர் அனுமதியும் கொடுத்தார்,
நாலு ஜிலேபிக் கெண்டையும் கொடுத்தார்.
வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு
"இது மதுரைக்கு வர்ற தண்ணியா?" என்றாள்.
"வந்தா."
அவள் கெண்டைக்காலில் முள் கீறிய கோடு.
தைலத்தை எடுத்தேன்.
"அது முதுகுக்கு" என்றாள், காலை எடுக்காமல்.

மூன்றாம் நாள் ஆண்டிபட்டி பஸ் நிலையம்.
இங்கிருந்து பஸ்ஸில் திரும்புவதாக
நான் ஒருத்தனாகவே முடிவு செய்திருந்தேன்.
சைக்கிளுக்கு ஐம்பது ரூபாய் என்றார் கண்டக்டர்.
கூரையில் கயிறு கட்டுகிறவனுக்குக்
கீழேயிருந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்.
என்னுடையதைக் கட்டி முடித்தான்.
அடுத்ததுக்குக் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

"வருசநாடு வரைக்கும் பாத்துட்டு வர்றேன்.
எங்கேருந்து வருதுன்னு.
நீங்க போங்க, முதுகு வலிக்கும்."
கோபமாக இல்லை.
கடைக்குப் போய் வருகிறேன் என்கிற குரல்.
கூடாரம் அவள் கேரியரில்தான் இருந்தது.

டிரைவர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டார்.
பின்புற ஏணியில் நான் ஏறினேன்.
முடிச்சை நன்றாகத்தான் போட்டிருந்தான் பாவி.
பல்லால் கடித்து இழுக்கவேண்டியிருந்தது.
கண்டக்டர் கீழேயிருந்து விசில் ஊதினார்,
மறுபடி ஊதினார்,
"யோவ் போதும்யா, இறங்கு!" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.